தெளிவகத்தில் அழக் கூடாது

தெளிவகத்தில் அழ வேண்டுமென்றால் குளியலறைக்குத்தான் போக வேண்டும். குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, துண்டை வாயில் அழுத்திக்கொண்டு, சீக்கிரம் அழுது முடித்துவிட வேண்டும். அன்றைக்குச் சுகந்தி அப்படித்தான் அழுதாள். திருப்பூரிலிருந்து மகள் யாழினி பேசியிருந்தாள். நான்கு மாதக் கரு தங்கவில்லை. "நீ வர முடியாதில்லம்மா?" என்று கேட்டாள். அதைக் கேள்வி என்றுகூடச் சொல்ல முடியாது. பதில் அவளுக்கே தெரியும்.

கண் சிவப்பு வடியும்வரை குளிர்ந்த நீரை அள்ளி அள்ளி அடித்துக்கொண்டு சுகந்தி வெளியே வந்தாள். கணவர் நல்லசிவம் கண்ணாடிச் சுவரோரம் உட்கார்ந்து தூரத்துக் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு போன்ல?"

"யாழினிங்க. சும்மாதான். ஆபீஸ்ல வேலை அதிகமாம்."

அவர் தலையாட்டினார். அவருக்குப் பின்னால் சுவரில் எலுமிச்சை அளவு விளக்கு ஒன்று பச்சையாக எரிந்தது. சுகந்தி பேசும்போது கணவரின் முகத்தைவிட அந்த விளக்கைத்தான் அதிகம் பார்ப்பாள். அவர் தோளில், தோலுக்கடியில், அரிசிமணி போல ஒரு கருவி வைத்திருந்தார்கள். ரத்தத்தில் அழற்சி எவ்வளவு என்று அது பார்த்துச் சொல்ல, விளக்கு நிறம் மாறும். பச்சை என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் டாக்டர் வருவார். சிவப்பை, முற்றத்துக்கு எதிர்ப்புறம் இருந்த வீட்டின் கண்ணாடி வழியாக, அவள் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறாள்.

நல்லசிவம் காற்றாலை டெக்னீஷியன். உடுமலையைச் சுற்றி அவர் ஏறாத கோபுரம் கிடையாது. ஐம்பதைத் தாண்டிய புதிதில் ஒருநாள் கோபுரத்தின் உச்சியில் நின்றபோது எப்படி இறங்குவது என்று அவருக்குத் தெரியாமல் போனது. ஏணி கண்முன்னால் இருந்தது. அது எதற்கு என்று புரியவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் மேலே ஏறி, ஒவ்வொரு கம்பியாகக் காலை வைக்கச் சொல்லி இறக்கிக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு எல்லாமே வேகமாக நடந்தது. யாழினியின் கல்யாணத்தில், மணவறையைப் பார்த்துவிட்டு, "பொண்ணு லட்சணமா இருக்குது, யாரு ஊட்டுப் புள்ளைங்க?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

அப்போதுதான் டாக்டர் அனீஸ் பாத்திமா புது மருந்தைப் பற்றிச் சொன்னார். சுகந்தியைவிடப் பத்து வயது இளையவர். எதையும் மறைத்துப் பேசத் தெரியாதவர் என்று அன்றைக்குச் சுகந்திக்குத் தோன்றியது.

"அக்கா, நாம சாப்பிடற பருப்பு, பால், முட்டை எல்லாத்துலயும் டிரிப்டோபேன்னு ஒரு சத்து இருக்கு. தூக்கத்துக்கும் மனசு நிதானத்துக்கும் வேண்டியதை உடம்பு அதுலருந்துதான் செஞ்சுக்குது. ஆனா உடம்புல எங்கயாவது அழற்சி வந்தா, காய்ச்சலோ புண்ணோ ஈறு வீக்கமோ எதுவா இருந்தாலும், ஒரு நொதி முழிச்சுக்கும். வாய்க்கால்ல மடை மாத்தி விடற மாதிரி அந்தச் சத்தை வேற பக்கம் திருப்பி விட்டுடும். அந்தப் பக்கம் போறதுல ஒரு பகுதி நஞ்சா மாறும். ரெண்டு நாள் காய்ச்சல்னா பரவாயில்ல. வருஷக்கணக்கா அழற்சி உள்ளயே கனன்றுக்கிட்டு இருந்தா, அந்த நஞ்சு மூளையில தேங்கிடும்."

"அதனாலதான் இவருக்கு மறந்துபோகுதுங்களா?"

"அது மட்டுமே காரணம்னு சொல்லமாட்டேன். ஆனா இவரு விஷயத்துல அது பெரிய காரணம். நாங்க குடுக்கற மருந்து அந்த மடையை அடைச்சிடும்."

"அப்ப நல்லதுதானுங்களே. அடைச்சுடுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. "அந்த மடை உடம்புல சும்மா இல்லக்கா. அதுதான் சமாதானக்காரன். எதிர்ப்புச் சக்தி சண்டை போடும்போது, போதும் நிறுத்துன்னு சொல்றது அதுதான். வயித்துல வளர்ற குழந்தை பாதி அப்பாவோடது, தாயோட உடம்புக்கு அது வேத்தாளு. அதை உடம்பு தாக்காம பாத்துக்கறதுலயும் இந்த நொதிக்குப் பங்கு உண்டு. அதை அடைச்சுட்டா சண்டையை விலக்கிவிட ஆள் இல்ல. சாதாரணச் சளி பெரிய தீயாப் பிடிக்கும். தீ பிடிச்சா மருந்தை நிறுத்தியாகணும். நிறுத்தினா மறதி முன்னைவிட வேகமா வரும்."

"அப்ப இவருக்குச் சளியே புடிக்கக் கூடாதுங்களா?"

"சளி, காயம், தொண்டை வலி எதுவுமே கூடாது. அதுக்குத்தான் ஒரு இல்லம் கட்டியிருக்கோம்."

உடுமலையிலிருந்து தாராபுரம் போகிற வழியில், பொட்டல் காட்டுக்கு நடுவே, கண்ணாடியும் வெள்ளைச் சுவருமாக அந்த இல்லம் இருந்தது. தெளிவகம் என்று பெயர். வடிகட்டிய காற்று, கொதிக்கவைத்து மூடிய சாப்பாடு, நீராவியில் வெளுத்த துணி. முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தனி வீடு; கூடவே ஒருவர் துணைக்கு இருந்தாக வேண்டும். ஆளில்லாமல் தனியாக இருந்தாலும் அழற்சி ஏறும் என்றார் டாக்டர். துக்கம், கோபம், பயம் எல்லாம் அப்படித்தான். துணைக்கு வருகிறவர் வெளியே போனால் உடனே திரும்ப முடியாது. பல வாரங்கள் தனியறையில் இருந்து, ஒரு கிருமியும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் உள்ளே விடுவார்கள்.

சுகந்தி அரசுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. மைதானத்தில் அவள் கத்தினால் சாலையில் போகிற பேருந்து வேகம் குறையும் என்று பிள்ளைகள் கேலி பேசுவார்கள். விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள்.

மூன்றாவது மாதம், காலையில் காபி கொடுக்கப் போனபோது, நல்லசிவம் அவளை நிமிர்ந்து பார்த்து, "சுகந்தி, உனக்கு எப்ப இத்தனை நரைச்சுது?" என்றார். அவள் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது. அதற்குப் பிறகு தினமும் ஏதாவது ஒன்று திரும்பி வந்தது. யாழினி முதல்முதலில் நீந்தக் கற்றுக்கொண்ட கிணறு. ஊட்டியில் ஒரு குடைக்காக இருவரும் போட்ட சண்டை. கோபுரத்தில் தான் சிக்கி நின்ற அந்த நாள்கூட. பழைய ஆளைவிடக் கூர்மையாகவே அவர் திரும்பி வந்திருந்தார்.

அந்தச் சந்தோஷம் ஒரு வருடம் ஓடியது. பிறகு அவளுக்கு மெல்ல மெல்ல வேறொன்று புரிந்தது. அவரைத் திட்டக் கூடாது. அவரெதிரே பெருமூச்சு விடக் கூடாது. யாராவது இறந்தால் சொல்லக் கூடாது. எதிர்வீட்டுப் பெண்மணி தன் அம்மாவின் சாவுக்குப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் அந்த வீட்டு விளக்கு சிவப்பானது. கண்ணாடிக்கு அப்பால் அந்த வீட்டு நோயாளியை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதைச் சுகந்தி பார்த்தாள். அதற்குப் பிறகு வாசற்கதவுப் பக்கமே அவள் போவதில்லை. கோபம் வந்தால் மூச்சை இழுத்து மெதுவாக விடுவாள். "சரிங்க" என்பாள். ஒருநாளைக்கு எத்தனை "சரிங்க" சொல்கிறோம் என்று அவளுக்கே சிரிப்பாக இருக்கும். சிரிப்பும் சீக்கிரமே அடங்கிவிடும்.

யாழினியின் கரு கலைந்ததை அவள் சொல்லவே இல்லை. ஆனால் நினைவு முழுதாகத் திரும்பிய மனிதரிடம் பொய் சொல்வது லேசான காரியமில்லை.

"போன வாரம் யாழினி லீவுல இருக்கான்னு சொன்ன. முந்தாநேத்து, ஆபீஸ்ல வேலை அதிகம்னு சொன்ன. இப்ப மறுபடியும் லீவுன்னு சொல்ற."

"மாத்திச் சொல்லிட்டேனுங்க."

"நேத்தும் இதையேதான் கேட்டேன். நேத்தும் மாத்திச் சொல்லிட்டேன்னுதான் சொன்ன."

"அப்படிங்களா?"

நல்லசிவம் அவளையே பார்த்தார். பொய்யைக் கண்டுபிடித்துவிட்டார் என்று சுகந்தி பயந்தாள். விளக்கு பச்சையாகவே இருந்தது. அவர் வேறெதுவும் கேட்கவில்லை. அந்த வாரத்திலிருந்து, அவள் பேசப் பேச, அவர் கவனித்துக் கேட்கிற மாதிரி அவளுக்குத் தோன்றியது. மாட்டிக்கொண்டோம், இனி இன்னும் ஜாக்கிரதையாகப் பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மறு வருடம் யாழினி மீண்டும் உண்டானாள். இந்த முறை தங்கியது. ஏழாம் மாதம் கணவனோடு காரில் வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றாள். வெயிலில் முகம் வியர்த்திருந்தது. பட்டுப்புடவை கட்டி, தலைநிறையப் பூ வைத்திருந்தாள்.

"வளைகாப்புப் போடோணும்மா. மாமியார் ஊட்டுல நாளைக்கு வெச்சிருக்காங்க. மொத வளையல் உன்ற கையால போட்டாத்தான் ஆச்சுன்னு வந்தேன்."

இருவருக்கும் நடுவில் இரட்டைக் கண்ணாடி. பேச்சுக் கருவியில் குரல் கரகரத்தது. உள்ளேயிருந்து வெளியே எதை வேண்டுமானாலும் அனுப்பலாம், வெளியிலிருந்து உள்ளே வருவதற்குத்தான் தடை. சுகந்தி தன் கையிலிருந்த இரண்டு வளையல்களையும் கழற்றினாள். சோப்புப் போட்டுத்தான் கழற்ற முடிந்தது. சுவரில் இருந்த இழுப்பறையில் வைத்து வெளியே தள்ளினாள். யாழினி அவற்றை எடுத்துத் தானே போட்டுக்கொண்டு, கையைக் கண்ணாடியில் வைத்தாள். நல்லசிவம் அந்த இடத்தில் தன் கையை வைத்தார்.

"தாத்தான்னு கூப்புடட்டும். அப்பச்சின்னு வேண்டாம். அப்பச்சின்னா எனக்கு எங்க அப்பச்சி ஞாபகம் வரும்," என்றார்.

யாழினி சிரித்தாள். சுகந்தியும் சிரித்தாள். பிறகு, "குளிக்கறேன்" என்று உள்ளே போனாள்.

அடுத்த முறை டாக்டர் அனீஸ் முழுக்கவச உடையில் உள்ளே வந்தபோது, நல்லசிவம், "டாக்டரம்மாகிட்டக் கொஞ்சம் தனியாப் பேசோணும், நீ அந்த ரூம்ல இரு" என்றார். அப்படி அவர் கேட்டதே இல்லை. ஆண்கள் சமாச்சாரம் ஏதோ என்று சுகந்தி உள்ளே போனாள். அதற்கடுத்த முறையும் அப்படியே நடந்தது. அன்று டாக்டர் போகும்போது சுகந்தியின் முகத்தைப் பார்க்கவில்லை.

மாலையில் அவர் சொன்னார். "மருந்தை நிறுத்திப்போடலாம்னு இருக்கேன்."

சுகந்திக்கு முதலில் விளங்கவில்லை. "எந்த மருந்துங்க?"

"இந்த மருந்துதான். வெளிய போயிரலாம். டாக்டரம்மாகிட்டச் சொல்லிட்டேன்."

"நிறுத்துனா என்னாகும்னு தெரியுமில்லீங்க?"

"தெரியும். எனக்குத்தான் இப்ப எல்லாம் தெரியுதே."

"ஆறு வருசங்க!" அவள் குரல் உயர்ந்தது. அவளுடைய பழைய மைதானக் குரல். "ஆறு வருசமா நானு..."

விளக்கு மஞ்சளானது. அவள் வாயை மூடிக்கொண்டாள். மூச்சை இழுத்தாள், மெதுவாக விட்டாள்.

"பேசு," என்றார் நல்லசிவம்.

அவள் தலையசைத்தாள்.

"பேசு சுகந்தி. திட்டு. மஞ்சளானா ஆகட்டும்."

"வேண்டாமுங்க." குரல் வெளியே வரவில்லை. "எதுக்குங்க இப்பிடிப் பண்றீங்க?"

அவர் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "காத்து வேணும். பேரப்புள்ளையைத் தொட்டுத் தூக்கோணும். அவ்வளவுதான்."

சுகந்தி டாக்டரிடம் மன்றாடிப் பார்த்தாள். "முழு நினைவோட, யோசிச்சு முடிவு பண்ணியிருக்காரு. தடுக்க எனக்கு உரிமை இல்லக்கா" என்றார் டாக்டர். "அந்த நினைவு நானு காவல் காத்து வெச்சதுங்க" என்றாள் சுகந்தி. டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் விட்டார்.

ஆனி மாதத்தில் கதவு திறந்தது. மேற்கு மலைக் கணவாயிலிருந்து வருகிற மேல்காற்று அப்போதுதான் பலம் பிடித்திருந்தது. வாசலைத் தாண்டிய உடனே மண்ணோடு சேர்ந்து முகத்தில் அடித்தது. சுகந்தி சட்டென்று முந்தானையால் அவர் மூக்கையும் வாயையும் மூடினாள். அவர் அதை விலக்கிவிட்டு, கண்ணை மூடி, வாயைத் திறந்து நின்றார். பல்லில் மண் கடிபட்டது. அவருக்கு அது பிடித்திருந்தது. அவளுக்கு அவர்மேல் வந்த வெறுப்பு அவளையே பயமுறுத்தியது.

உடுமலையில் அவர்களுடைய பழைய வீட்டுக்குப் போனார்கள். வெளியே வந்தும் சுகந்தி வெளியே வரவில்லை. பால்காரரை வாசலிலேயே நிறுத்தினாள். பார்க்க வந்த சொந்தக்காரர்களைக் கை கழுவச் சொன்னாள்; இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். அவர் தும்மினால் அனிச்சையாகச் சுவரைப் பார்ப்பாள். அங்கே நாட்காட்டி தொங்கும். முதல் சில வாரங்கள் அவளுக்கே எல்லாம் தடுமாறியது. அடுப்பை அணைக்க மறந்தாள். பழகிய தெருவில் திருப்பம் தெரியாமல் நின்றாள். உள்ளேயே கிடந்ததால் அப்படி என்று நினைத்தாள்.

யாழினி பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். பெண் குழந்தை. நல்லசிவம் அதை மடியில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். குழந்தைக்குச் சளி பிடித்தபோது சுகந்தி பிடுங்கப் போனாள். "உடு" என்று அவர் சத்தம் போட்டார். அவருக்கும் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது அதோடு கொஞ்சம் அவரும் போயிருந்தார். குழந்தையின் பெயர்தான் முதலில் மறந்தது. அப்புறம் வீட்டில் எந்தக் கதவு எங்கே போகும் என்பது. கார்த்திகையில் யாழினியை, "வாங்க அம்மிணி, உக்காருங்க" என்று வரவேற்றார். தை பிறந்தபோது சுகந்தியின் முறை வந்தது.

"அவருக்குக் காத்து வேணும்னு போயிட்டாரு," என்று அவள் யாழினியிடம் சொன்னாள். "நானு எதுக்குடி அத்தனை வருசம் உள்ள கெடந்தேன்? என்னைய ஒரு வார்த்தை கேக்கோணும்னு தோணலையே அவருக்கு."

"அப்பாவைத் திட்டாதம்மா. பாவம்."

"அதுதான் கண்ணு கொடுமை. முந்தி திட்டுனா வெளக்கு மாறும். இப்பத் திட்டுனா அவருக்குப் புரியாது."

அவள் வேலை பார்த்த பள்ளியின் மைதானம் பக்கத்திலேயே இருந்தது. பெண்பிள்ளைகளுக்குக் கைப்பந்து சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று தலைமையாசிரியை கேட்டார். சாயங்காலங்களில், இன்னும் தாய்வீட்டிலேயே இருந்த யாழினியிடம் அவரை விட்டுவிட்டு சுகந்தி போக ஆரம்பித்தாள். முதல் நாள் குரல் எழும்பவில்லை. ஒரு வாரத்தில் எழும்பியது. தூக்கம் வந்தது. எந்தத் தெருவிலும் திருப்பம் தவறவில்லை.

மாசி மாதத்தில் ஒருநாள் டாக்டர் அனீஸ் தானே காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நல்லசிவத்தைப் பார்த்தார், நாடி பிடித்தார், பேசினார். பிறகு, "உங்க ரத்தமும் கொஞ்சம் எடுத்துக்கறேன்க்கா" என்றார். வழக்கமான கிருமிச் சோதனை என்று நினைத்துச் சுகந்தி கையை நீட்டினாள். பத்து நாள் கழித்து அவர் மறுபடி வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"நல்லா குறைஞ்சிருக்குக்கா. நான் எதிர்பார்த்ததைவிட நல்லா."

"எதுங்க குறைஞ்சிருக்குது?"

டாக்டரின் முகம் மாறியது. "அவரு சொல்லவே இல்லையா? கடைசிவரைக்கும்?"

"எதைச் சொல்லலைங்க?"

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"யாழினி வளைகாப்பு முடிஞ்ச வாரம் என்னைத் தனியாக் கூப்பிட்டார் இல்லையா. அன்னிக்குக் கேட்டாரு. 'எனக்கு ஒரு வெளக்கு வெச்சீங்க டாக்டரம்மா. அவளுக்கு எங்க வெளக்கு?'ன்னு."

சுகந்தியும் எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு மறக்குதுன்னாரு. கேட்டதையே கேக்கறீங்க, காபியில ரெண்டு தடவை சக்கரை போடறீங்க, சொன்ன பொய்யையே மறந்துட்டு வேற பொய் சொல்றீங்கன்னாரு. 'அது எப்படித் தொடங்கும்னு எனக்குத் தெரியும், நான் அந்த வழியில போய்ட்டு வந்தவன்'னாரு. நான் நம்பலக்கா. மாசாமாசம் உங்க ரத்தம் எடுத்தோம், கிருமி இருக்கான்னு மட்டும்தான் பாத்தோம். அவருக்குக் கிருமி குடுத்துடக் கூடாதேன்னு. மிச்சத்தை யாரும் பாக்கவே இல்ல. அவர் சொன்ன பிறகு பாத்தேன். அழற்சி எக்கச்சக்கம். அந்த மடை முழுசாத் திறந்து கிடந்தது. அவர் கோபப்படக் கூடாதுன்னு நீங்க கோபத்தை முழுங்கினீங்க. அவர் அழக் கூடாதுன்னு நீங்க அழுகையை முழுங்கினீங்க. அது எங்கயும் போகல. உள்ளயே இருந்திருக்கு."

"எனக்கும் அந்த மருந்தைக் குடுத்திருக்கலாமில்லீங்க?"

"அதையும் அவரு கேட்டாரு. குடுத்தா நீங்களும் நோயாளி. உங்களுக்கு ஒரு துணை வேணும். அவரு உங்களுக்குத் துணையா இருக்க முடியாது, நோயாளிக்கு நோயாளி துணை ஆகாது. உங்களுக்குன்னு யாரு இருக்கா? யாழினிதான். வயித்துல குழந்தையோட. அப்புறம், 'நாங்க வெளிய போனா இவளுக்கு எறங்குமா?'ன்னாரு. ஆரம்பந்தான், இறங்கலாம், உறுதி சொல்ல முடியாதுன்னேன். 'போதும்'னாரு."

சுகந்தி எழுந்து நின்றாள். "என்ற ரத்தம் டாக்டரம்மா அது. அதுல என்ன இருக்குதுன்னு என்கிட்டச் சொல்லாம அவருகிட்டச் சொன்னீங்களா?"

"தப்புதான்."

"என்னைய உக்கார வெச்சு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொன்னா நீங்க ஒத்துக்க மாட்டீங்க, மறைச்சுக்கிட்டு அங்கயே கிடப்பீங்கன்னு அவரு சொன்னாரு. காத்து வேணும்னு சொல்லிக்கறேன், என்மேல கோபம் வந்தா வெளிய வந்து கத்தட்டும், கத்தறது அவளுக்கு நல்லதுதானேன்னாரு. நான் தலையாட்டினேன். டாக்டரா நான் செஞ்சது சரியில்ல, எனக்குத் தெரியும். இப்ப அங்க துணைக்கு இருக்கறவங்களையும் சோதிக்கறோம். பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கு. சில பேரு தெரிஞ்சும் வெளிய வரமாட்டேங்கறாங்க."

டாக்டர் போன பிறகு சுகந்தி வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்தாள். யாழினி குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் எதுவும் சொல்லவில்லை. குளியலறைக் கதவுவரை போய்விட்டுத் திரும்பி, மாடிப்படி ஏறினாள்.

நல்லசிவம் மொட்டைமாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெயில் சாய்ந்திருந்தது. வாய்நிறையத் திட்டுகளோடுதான் அவள் ஏறி வந்தாள். அவர் மரியாதையாக எழுந்து, இன்னொரு நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க அம்மிணி" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். "ஒண்ணு சொல்லட்டுங்களா? நடந்த கதை."

"சொல்லுங்க. எனக்கும் வேலை ஒண்ணுமில்லை."

அவள் சொன்னாள். யாருடையதோ போல, பெயர் சொல்லாமல். கோபுரத்தில் இறங்கத் தெரியாமல் நின்ற ஒரு ஆளை, கண்ணாடி வீட்டை, சுவரில் எரிந்த விளக்கை. அவர் கையைக் கட்டிக்கொண்டு கவனமாகக் கேட்டார். "காத்தே வராதுங்களா அந்த ஊட்டுக்குள்ள?" என்று நடுவில் கேட்டார். வராது என்றாள். "கொடுமை" என்றார். அந்த ஆள் டாக்டரிடம் தனியாகப் பேசியது, மருந்தை நிறுத்தியது, மனைவியிடம் வேறு காரணம் சொன்னது வரைக்கும் வந்து நிறுத்தினாள்.

"அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேக்கலீங்களா?"

"கேக்கலைங்க."

"அதெப்படி? திமிரு புடிச்ச ஆளா இருப்பான் போல." அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "அந்தம்மா சும்மாவா உட்டுது? நல்லா நாலு வார்த்தை திட்டியிருக்கோணும்."

"திட்டலாம்னுதான் போச்சுங்க. ஆளு இல்லை."

"எங்க போயிட்டான்?"

சுகந்திக்குக் கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. அவள் அதைத் துடைக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. அவர் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. அந்த ஆளைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார்.

"கேட்டிருந்தா அந்தம்மா உட்டிருக்குமா?"

"உட்டிருக்காதுங்க," என்றாள் சுகந்தி. "செத்தாலும் உட்டிருக்காது."

"அப்பொறம் எப்படிக் கேப்பான்?"

காற்று மாடியில் காய்ந்த துணிகளைப் படபடவென்று அடித்தது. அவர் நாற்காலியை அவள் பக்கமாக இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்தம்மா இப்ப எப்படி இருக்குது? அதைச் சொல்லுங்க மொதல்ல."